அல்சாஸுக்கு வருகிறீர்களா? பாரிஸ் கணக்கு இங்கே செல்லாது

பிரான்ஸில் ரயில்கள் நம் ஊர் போலவே இடப்பக்கத் தண்டவாளத்தில் ஓடும். ஜெர்மன் எல்லையை ஒட்டிய அல்சாஸிலும் பக்கத்து மோசெலிலும் மட்டும் வலப்பக்கம். 1871 முதல் 1918 வரை இந்தப் பகுதி ஜெர்மனியின் கையில் இருந்தது. அப்போது போட்ட ஏற்பாட்டை யாரும் மாற்றவில்லை. பழைய எல்லைக்கு அருகே ஒரு தண்டவாளம் மற்றதன் மேல் பாலமாக ஏறிக் கடந்து பக்கம் மாறிக்கொள்கிறது. உள்ளே தூங்கிக்கொண்டு வருபவருக்கு எதுவும் தெரியாது.

நானும் அப்படித்தான் வந்து இறங்கினேன். பாரிஸில் இருக்கும் உறவுக்கார அண்ணன் ஒருவர் போனில் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதி எடுத்து வந்திருந்தேன். அதில் பாதி இங்கே பொருந்தவில்லை. மின்சாரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, ஞாயிறு எங்கே காய் வாங்குவது, டாக்டர் செலவில் எவ்வளவு திரும்ப வரும், எல்லாமே வேறு. ஸ்ட்ராஸ்பூர்க், கோல்மார், முலூஸ் பக்கம் படிக்கவோ வேலைக்கோ வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரான்ஸ் முழுக்கப் பொதுவானதை வேகமாகச் சொல்லிவிட்டு, இந்த ஊருக்கென்று உள்ளதில் நின்று பேசுகிறேன்.

கிளம்புவதற்கு முன்: பெயர்

பெட்டி கட்டுவதற்கு முன் பெயரைக் கவனியுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பிரெஞ்சுப் படிவங்களுக்கு ‘நோம்’ என்ற குடும்பப் பெயரும் ‘ப்ரேநோம்’ என்ற சொந்தப் பெயரும் இரண்டுமே வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், இருக்கும் ஒரே பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, சொந்தப் பெயர் இடத்தில் ‘எஸ்.என்.பே’ என்று போட்டுவிடுவார்கள். சொந்தப் பெயர் இல்லாதவர் என்று அர்த்தம். அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயருக்கு வந்த கதி.

நேரம் இருந்தால் பாஸ்போர்ட்டில் இரண்டு இடத்தையும் நிரப்பிக்கொண்டு வாருங்கள். முடியாவிட்டால், விசாவில் எந்த வரிசையில் அச்சாகியிருக்கிறதோ அதே வரிசை, அதே எழுத்துகளை வங்கி, வீடு, காப்பீடு எல்லாவற்றிலும் எழுதுங்கள். என் நண்பர் ஒருவர் ஓரிடத்தில் அப்பா பெயரை முன்னால் போட்டார், இன்னோரிடத்தில் பின்னால். இரண்டு அலுவலகங்களின் கணினிகளும் அவரை இரண்டு ஆள் என்று முடிவு செய்தன. தான் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அவருக்கு நான்கு மாதம் ஆனது.

அடுத்தது பிறப்புச் சான்றிதழ். அம்மா அப்பா பெயர் இருக்க வேண்டும், உங்கள் பெயரும் இருக்க வேண்டும். நம் ஊரில் பழைய சான்றிதழ்கள் பலவற்றில் ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்று மட்டும்தான் இருக்கும். பெயர் சேர்க்கும் வேலையை நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ முடித்துவிட்டு, ஆவணம் வெளிநாட்டிலும் செல்லும்படி சான்று தரும், இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கிருந்துகொண்டு அதைச் செய்ய வேண்டுமானால் ஊரில் யாராவது உங்களுக்காக அலைய வேண்டியிருக்கும். பிரெஞ்சு மொழிபெயர்ப்பை இங்கே வந்தபின், நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளரிடம் செய்துகொள்ளலாம்.

பெட்டியில் என்ன வைக்கலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், கீரை எதற்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அது தேவையில்லை. பொடி வகைகள், புளி, அப்பளம் பிரச்சினை இல்லை.

எந்த வழியாக வருவது

பாரிஸ் சார்ல் து கோல் விமான நிலையத்தின் அடியிலேயே அதிவேக ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு நேரடி ரயில்கள் உண்டு. பாரிஸ் நகருக்குள் போக வேண்டியதே இல்லை. நகருக்குள் போய்விட்டால் ‘கார் து லெஸ்த்’ நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வந்து, அங்கிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ வருபவர்களும் நிறைய. பிரெஞ்சு நீண்டகால விசாவில் ஜெர்மனி வழியாக நுழையலாம். ஆனால் நீங்கள் பிரான்ஸுக்குள் வந்த தேதியைப் பின்னால் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் பிரெஞ்சு முத்திரை இருக்காது என்பதால் பஸ் அல்லது ரயில் டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

மூன்றாவது வழி பாசல்-முலூஸ் விமான நிலையம். நிலம் பிரான்ஸுடையது, நிர்வாகம் பிரான்ஸும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்து. அதனால் வெளியே வர இரண்டு பக்கம்: ஒன்று பிரெஞ்சுப் பக்கம், இன்னொன்று சுவிஸ் பக்கம். கூட்டத்தின் பின்னால் போனால் சுவிஸ் நகரமான பாசலுக்குப் போகும் பஸ்ஸில் ஏறியிருப்பீர்கள். பிரெஞ்சுப் பக்கம் வந்து, சேன்-லூயி ரயில் நிலையத்துக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து முலூஸ், கோல்மார் வழியாக ஸ்ட்ராஸ்பூர்க் ரயில்.

முதல் மூன்று மாதம்

விசா ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். ‘வே.எல்.எஸ்-டே.எஸ்’ என்ற, குடியிருப்பு அட்டையாகவும் செல்லும் நீண்டகால விசா வகை என்றால், வந்து மூன்று மாதத்துக்குள் உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் அதை உறுதிப்படுத்த வேண்டும். கட்டணம் ஆன்லைனில் கட்டலாம். முடித்ததும் வரும் பி.டி.எஃப்-ஐ மூன்று இடத்தில் சேமியுங்கள். மறந்துவிட்டால் விசா செல்லாததாகிவிடும். ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. சிலருடைய விசாவில் வந்து இரண்டு மாதத்துக்குள் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். அது வேறு நடைமுறை. ‘என் ரூம்மேட் இப்படித்தான் செய்தான்’ என்று நீங்களும் செய்யாதீர்கள்.

புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் காலாவதிக்கு நான்கு மாதம் முன்பிருந்து இரண்டு மாதம் முன்புக்குள் போட வேண்டும். போனில் இன்றைக்கே அலாரம் வையுங்கள்.

மாணவர்கள் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை சம்பள வேலை செய்யலாம். வேலை செய்யாவிட்டாலும், வருமானமே இல்லாவிட்டாலும், வந்த மறு ஆண்டு வசந்த காலத்தில் வருமான வரிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். முதல் முறை பெரும்பாலும் காகிதத்தில். வரி பூஜ்யம்தான். ஆனால் பதிலுக்கு வரும் ‘அவி தெம்போ’ என்ற வரி அறிவிப்புக் கடிதத்தை டிராம் சலுகையிலிருந்து வீட்டு வாடகை வரை எல்லா இடத்திலும் கேட்பார்கள்.

நீண்ட நாள் தங்கும் எண்ணம் இருந்தால் பிரெஞ்சு மொழியைத் தள்ளிப்போடாதீர்கள். 2024 ஜனவரியில் வந்த குடியேற்றச் சட்டத்தின்படி, 2026 தொடக்கத்திலிருந்து பல ஆண்டு குடியிருப்பு அட்டைக்கு ‘ஏ2’, பத்து ஆண்டு அட்டைக்கு ‘பி1’, குடியுரிமைக்கு ‘பி2’ நிலை பிரெஞ்சு வேண்டும் (‘ஏ1’-இல் தொடங்கி ஏறும் ஐரோப்பிய மொழி நிலைகள் இவை). ஆபீஸில் எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறார்கள் என்று ஐந்து வருடம் ஓட்டியவர்கள் இப்போது மாலை வகுப்புக்கு ஓடுகிறார்கள்.

வீடு, மின்சாரம், தபால் பெட்டி

மாணவர் விடுதிகளை நடத்துவது ‘க்ரூஸ்’. அங்கே இடம் கிடைத்தால் யோசிக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் பல்கலைக்கழக வளாகம் இருக்கும் எஸ்ப்ளனாட், அதை ஒட்டிய க்ருத்தனோ, தெற்கே நோய்டோர்ஃப், வடக்கே ஷில்டிகைம் என்று தேடுங்கள். மருந்தியலும் சில பொறியியல் துறைகளும் தெற்குப் புறநகரான இல்கிர்ஷில் இருக்கின்றன. கல்லூரி எந்த வளாகத்தில் என்று பார்த்துவிட்டு வீடு பாருங்கள். அட்மிஷன் கடிதத்தில் ஸ்ட்ராஸ்பூர்க் என்றுதான் இருக்கும்.

வீட்டை நேரில் பார்க்காமல், சாவி கையில் வராமல் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். ‘நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்று சொல்பவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர்தான்.

வீட்டுக்காரர் ஜாமீன்தாரர் கேட்பார், அதுவும் பிரான்ஸில் வருமானம் உள்ளவராக. நமக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? அதற்குத்தான் ‘விசால்’ என்ற இலவச உத்தரவாதம். 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எளிதில் கிடைக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுவதற்கு முன்பே அந்தச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், பிறகு வாங்க முடியாது. முன்பணம், சாமான்கள் உள்ள வீட்டுக்கு அதிகபட்சம் இரண்டு மாத வாடகை, வெறும் வீட்டுக்கு ஒரு மாதம். நம் ஊர் போல பத்து மாத அட்வான்ஸ் எல்லாம் சட்டப்படி கேட்கவே முடியாது. சாமான் உள்ள வீட்டைக் காலி செய்ய ஒரு மாத நோட்டீஸ், அதுவும் ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலில். வாய்வார்த்தையாகச் சொன்னால் சொன்னதாகவே கணக்கில்லை.

சாவி வாங்கும் அன்று ‘எத்தா தே லியே’ என்று வீட்டின் நிலையை எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அவசரப்படாதீர்கள். சுவரில் ஒவ்வொரு கீறலையும் போட்டோ எடுங்கள். விட்டுப்போனதை எழுதச் சொல்லி பத்து நாளுக்குள் கேட்கலாம். வெப்பமூட்டி ஓடுகிறதா என்று செப்டம்பரில் தெரியாது. குளிர்காலம் தொடங்கும் முதல் மாதத்துக்குள் அதைத் தனியாகச் சேர்க்கச் சொல்ல உரிமை உண்டு. வீட்டுக் காப்பீடு கட்டாயம், ஆண்டுதோறும் சான்றிதழ் கேட்பார்கள்.

‘கஃப்’ அலுவலகம் தரும் வீட்டு வாடகை உதவியை நம்பி வாடகையைத் தீர்மானிக்காதீர்கள். உங்களுக்கு உண்டு என்று அவர்கள் கடிதம் வந்த பிறகு கணக்கில் சேருங்கள்.

மின்சாரத்துக்குப் பாரிஸ் அண்ணன், பிரான்ஸின் பெரிய மின் நிறுவனமான ‘ஈ.டி.எஃப்-ஐக் கூப்பிடு’ என்பார். ஸ்ட்ராஸ்பூர்க்கிலும் சுற்றுவட்டாரத்திலும் அரசு நிர்ணயக் கட்டணத்தில் மின்சாரம் தருவது ஈ.டி.எஃப் அல்ல, ‘எலெக்ட்ரிசிதே து ஸ்ட்ராஸ்பூர்’ என்ற உள்ளூர் நிறுவனம். சுருக்கமாக ‘ஈ.எஸ்’. மீட்டர் படிக்க வருவதும் வேறு ஆட்கள். இது தெரியாமல் முதல் வாரத்தில் போனிலேயே அரை நாள் போனது எனக்கு.

அப்புறம் தபால் பெட்டி. இங்கே கதவு எண் பெரிதில்லை. கீழ்த்தளத்தில் வரிசையாக இருக்கும் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் தபால்காரர் ‘இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுவார். வங்கி அட்டை, ரகசிய எண், மருத்துவ அட்டை எல்லாமே கடிதமாகத்தான் வரும். ரூம்மேட்டுடன் இருந்தால் இரண்டு பெயரும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைத்தான் ஒட்ட வேண்டும், வீட்டில் கூப்பிடும் பெயரை அல்ல.

டாக்டர் செலவு: அல்சாஸின் தனி வரவு

பிரான்ஸின் பொது மருத்துவக் காப்பீட்டில் சேர ‘அமேலி’ இணையதளம். மாணவர்களுக்குத் தனிப் பக்கம் உண்டு. முதலில் தற்காலிக எண், பிறகு நிரந்தர எண், பிறகு ‘கார்த் வித்தால்’ என்ற பச்சை நிற மருத்துவ அட்டை. குடும்ப டாக்டர் ஒருவரை உங்கள் முதல் மருத்துவராகப் பதிவு செய்துகொள்ளுங்கள். செய்யாவிட்டால் திரும்ப வரும் தொகை குறையும்.

இதுவரை பொது. இனிமேல்தான் அல்சாஸ். இங்கேயும் மோசெலிலும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கு ‘ரெஜீம் லோக்கால்’ என்ற கூடுதல் காப்பீடு உண்டு. ஜெர்மன் காலத்துத் தொழிலாளர் காப்பீட்டிலிருந்து வந்தது. 1918-க்குப் பிறகு மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. குடும்ப டாக்டர் கட்டணம் 30 யூரோ. பொதுக் காப்பீடு 70 சதவீதம் தரும், அதில் 2 யூரோ பிடித்துக்கொண்டு 19 கையில் வரும். இங்கே 90 சதவீதம், அதே 2 யூரோ போக 25 வரும். இதற்காகச் சம்பளத்தில் 1.30 சதவீதம் பிடிப்பார்கள்.

சம்பளச் சீட்டு வந்ததும் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். துணைக் காப்பீடு எடுக்கும்போது ‘நான் ரெஜீம் லோக்காலில் இருக்கிறேன்’ என்று சொல்லுங்கள். மீதி ஈடுகட்ட வேண்டியது குறைவு என்பதால் பிரீமியமும் குறைய வேண்டும். சொல்லாமல் விட்டு இரண்டு வருடம் கூடுதலாகக் கட்டியவரை எனக்குத் தெரியும். மாணவராக மட்டும் இருப்பவருக்கு இது கிடையாது.

வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உடம்பு சரியில்லாமல் விடுப்பு எடுத்தால் பிரான்ஸின் மற்ற இடங்களில் பொதுக் காப்பீடு முதல் மூன்று நாளுக்குப் பணம் தராது. அல்சாஸ்-மோசெல் உள்ளூர்ச் சட்டப்படி குறுகிய கால விடுப்புக்கு முதல் நாளிலிருந்தே முதலாளி சம்பளம் தர வேண்டும். தலைமையகம் பாரிஸில் இருக்கும் கம்பெனிகளின் கணக்குப் பிரிவுக்கு இது சில சமயம் தெரியாது. நீங்கள் தெரிந்து வைத்திருங்கள்.

அவசரத்துக்கு 15 ஆம்புலன்ஸ், 17 போலீஸ், 18 தீயணைப்பு, எல்லாவற்றுக்கும் 112.

கடை எப்போது திறக்கும், எப்போது மூடும்

பிரான்ஸில் ஆண்டுக்கு 11 அரசு விடுமுறை. இங்கே 13. புனித வெள்ளியும் டிசம்பர் 26-உம் கூடுதல். ஞாயிற்றுக்கிழமை பாரிஸில் சூப்பர் மார்க்கெட் காலையிலாவது திறந்திருக்கும். இங்கே பெரிய கடைகள் ஞாயிறு முழுக்க மூடியிருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய சில ஞாயிறுகள் மட்டும் விலக்கு. சனிக்கிழமை மாலைக்குள் பாலும் காயும் வாங்கி வைக்கும் பழக்கம் ஒரு மாதத்தில் தானாக வந்துவிடும், இரண்டு ஞாயிறு வெறும் ரசத்தோடு போனால்.

பிரான்ஸ் 1905-இல் தேவாலயத்தையும் அரசையும் பிரித்தபோது அல்சாஸ் ஜெர்மனியில் இருந்ததால் அந்தச் சட்டம் இங்கே இல்லை. பாதிரியார்களுக்கும் யூத ரபிகளுக்கும் அரசு சம்பளம் தருகிறது. பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்த்தால் மத வகுப்பு வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பொங்கல் விழா நடத்தச் சங்கம் தொடங்கும் யோசனை வந்தால், மற்ற இடங்களில் உள்ள 1901 சங்கச் சட்டம் இங்கே பொருந்தாது. உள்ளூர்ச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்து போட்டு நீதிமன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். ஏழு தமிழர்களை ஒரே தாளில் கையெழுத்து போட வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

ரைன் ஆற்றைத் தாண்டினால் கேல். ஜெர்மனி. 2017 முதல் ‘டி’ டிராம் பாலத்தைக் கடந்து அங்கேயே போகிறது, உள்ளூர் டிக்கெட்டே போதும். சோப்பு, ஷாம்பூ, குழந்தைக்கான டயப்பர் எல்லாம் அங்கே விலை குறைவு என்று சனிக்கிழமை டிராம் நிறைய ஸ்ட்ராஸ்பூர்க்காரர்கள் பையோடு போவார்கள்.

விடுமுறைக் கணக்கை இங்கேதான் பயன்படுத்த வேண்டும். மே 8, ஜூலை 14, ஆகஸ்ட் 15, நவம்பர் 11: ஸ்ட்ராஸ்பூர்க் மூடியிருக்கும், கேல் திறந்திருக்கும், கூட்டம் அலைமோதும். ஜனவரி 6, அக்டோபர் 3: அங்கே மூடல், இங்கே திறப்பு. புனித வெள்ளி, நவம்பர் 1, டிசம்பர் 26, ஞாயிறு: இரண்டு பக்கமும் மூடல். அன்றைக்கு வீட்டில் இருப்பதுதான் சாப்பாடு.

ஜெர்மன் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கினால் 25 சென்ட் டெபாசிட் சேர்த்து வாங்குவார்கள். காலி பாட்டிலை அங்கேயே இயந்திரத்தில் போட்டால்தான் திரும்பக் கிடைக்கும், பிரெஞ்சுக் கடையில் எடுக்க மாட்டார்கள்.

பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் இல்லாமல் இந்த டிராமில் ஏறாதீர்கள். 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் நில எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை வைத்தது. பாலத்தைத் தாண்டியதும் போலீஸ் ஏறிப் பார்ப்பது சகஜம். பத்து நிமிடப் பயணம் என்பதால் வெளிநாடு போகிறோம் என்ற நினைப்பே வராது. அட்டை காலாவதியாகி, புதுப்பித்தல் நடந்துகொண்டிருக்கும் நாட்களில் கேல் பக்கம் போகாமலிருப்பதே நல்லது, ஷாம்பூ இரண்டு யூரோ கூடுதலானாலும் பரவாயில்லை. ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் கூட்டத்தின் மற்ற நாடுகளில் சுற்றிப் பார்க்க, எந்த 180 நாளிலும் 90 நாள் வரைதான் உங்கள் கணக்கு.

சுவிட்சர்லாந்து ஷெங்கனில் உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. பாசல் போகும்போது போனில் டேட்டாவை அணைத்துவிடுங்கள். பல பிரெஞ்சுத் திட்டங்களில் சுவிஸ் ரோமிங் சேராது. சேன்-லூயி பக்கம் நின்றாலே போன் தானாகச் சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

டிராமும் சைக்கிளும்

காகித டிக்கெட்டை டிராம் நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்திவிட்டு ஏற வேண்டும். உள்ளே இயந்திரம் கிடையாது. ‘டிக்கெட் கையில்தானே இருக்கிறது’ என்று பரிசோதகரிடம் சொன்னால் அபராதச் சீட்டுதான் பதில். தங்கியிருப்பவர்களுக்கு மாத அட்டை லாபம். 26 வயதுக்குள் ஒரு விலை, குடும்ப வருமானத்தைப் பொறுத்து இன்னும் குறைந்த விலைகள். மேலே சொன்ன வரிக் கடிதம் இங்கே உதவும்.

ஆனால் இந்த ஊரின் வாகனம் சைக்கிள். நிலம் தட்டை, நகர்ப் பகுதியில் 600 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை. ‘வேலோப்’ என்று மாத வாடகைக்கே கிடைக்கும். சொந்தமாக வாங்கினால், சைக்கிள் விலையில் நல்ல பங்கை ‘யு’ வடிவப் பூட்டுக்கு ஒதுக்குங்கள். மெல்லிய கம்பிப் பூட்டு திருடனுக்கு அழைப்பிதழ். முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டினால் 135 யூரோ அபராதம். மழையில் டிராம் தண்டவாளத்தைக் குறுக்காக வெட்டிக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். என் இடது முழங்கையில் அதற்கு அடையாளம் இருக்கிறது.

பேச்சும் சாப்பாடும்

எந்தக் கடைக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் நுழைந்ததும் ‘போன்ஜூர்’ சொல்லுங்கள். கேள்வியை நேராக ஆரம்பித்தால் முகம் சுருங்கிவிடும். ஊர்ப் பெயர்கள் ஜெர்மன் போல எழுதியிருக்கும், பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் வாய்க்கேற்ப உச்சரிப்பார்கள், பெரியவர்கள் அல்சாஸ் பேச்சில் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள். ஷில்டிகைமை ‘ஷிலிக்’ என்பார்கள். பழைய நகரத்தில் தெருப் பலகைகளே இரண்டு மொழியில் இருக்கும்.

சைவக்காரர்களுக்கு எச்சரிக்கை. இந்த ஊரின் பெருமையான ‘ஃப்ளாமெக்வேஷ்’, மெல்லிய ரொட்டி மேல் கிரீமும் வெங்காயமும் பன்றி இறைச்சித் துண்டுகளும் போட்டுச் சுட்டது. ‘சான் லார்தோன்’ என்று சொன்னால் இறைச்சி இல்லாமல் தருவார்கள். காளான் போட்டதில் இறைச்சி இருக்காது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், அதிலும் போடுவார்கள். ‘ஷுக்ரூத்’ என்ற புளித்த முட்டைகோஸும் இறைச்சியோடுதான் தட்டுக்கு வரும். ‘பெக்கெயோஃப்’ என்ற மண்சட்டிக் குழம்பில் மாடு, பன்றி, ஆடு மூன்றும் சேரும். முடிச்சு போலச் சுட்ட பிரெட்சல் ரொட்டியும் டிசம்பரில் வீட்டுக்கு வீடு சுடும் ‘ப்ரேடலா’ பிஸ்கட்டுகளும் பெரும்பாலும் சாப்பிடலாம், முட்டை பரவாயில்லை என்றால்.

இட்லி மாவு டிசம்பரில் புளிக்காது. வெப்பமூட்டியின் மேல் துண்டு போட்டு, அதன் மேல் பாத்திரத்தை வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

சுற்றிப் பார்க்க

ஸ்ட்ராஸ்பூர்க் வந்தவர் எல்லோரும் அதன் பெரிய தேவாலயத்துக்குத்தான் முதலில் போவார்கள், போகவும் வேண்டும். 142 மீட்டர் உயரம், ஒற்றைக் கோபுரம். 1647 முதல் 1874 வரை உலகிலேயே உயரமான கட்டடமாக இருந்தது. உள்ளே இருக்கும் வானியல் கடிகாரத்தில் பொம்மைகள் ஊர்வலம் வருவது பகல் 12:30 மணிக்கு. 12 மணிக்குப் போய் ஏமாறாதீர்கள், அந்தக் கடிகாரம் உள்ளூர்ச் சூரிய நேரத்தில் ஓடுகிறது. நகராட்சி அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இருப்பதும் இங்கேதான். ஈழத்திலிருந்து வந்த அகதிகளின் வழக்குகள் பல அதன் முன் வந்திருக்கின்றன. ‘ஈ’ டிராமில் அந்தப் பக்கம் போகும்போது நம் ஆட்கள் எட்டிப் பார்ப்பதுண்டு.

ரயிலில் கோல்மார் அரை மணி நேரம். செலெஸ்டாவில் இறங்கினால் ‘ஓ-கோனிக்ஸ்பூர்’ மலைக்கோட்டைக்குப் பஸ் உண்டு. இடிந்து கிடந்ததை ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1908-இல் கட்டி முடித்தார். பார்த்தால் நேற்றுக் கட்டியது போல இருக்கும், அதுவே சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

டிசம்பரில் சொந்தக்காரர்கள் கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க வருகிறேன் என்பார்கள். 1570-இலிருந்து நடக்கும் சந்தை. நகர மையமான தீவுக்குள் போகும் பாலங்களில் பைகளைச் சோதிப்பார்கள், சில டிராம் நிறுத்தங்களில் வண்டி நிற்காது. பெரிய பெட்டியோடு நேராக உள்ளே வரச் சொல்லாதீர்கள். வார நாள் மதியம் கூட்டிப் போங்கள். சனிக்கிழமை மாலை நடக்கவே இடம் இருக்காது.

ஊர்ச் சாமான் தீர்ந்துவிட்டால் பாரிஸ். நம் ரயில் போய் நிற்கும் கார் து லெஸ்த்திலிருந்து லா ஷபெல் பத்துப் பதினைந்து நிமிட நடைதான். ஃபோபூர் சேன்-தெனி தெருவின் மேல் பகுதியில் இருபுறமும் தமிழ்ப் பலகைகள், முருங்கைக்காய், கறிவேப்பிலை, புடவைக் கடை, கொத்துரொட்டி. மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் ஆகஸ்ட் இறுதி, செப்டம்பர் வாக்கில் அந்தத் தெருக்களில் வரும்போது தேங்காய் உடைத்துத் தெரு வெள்ளையாகிவிடும். அண்ணனையும் பார்த்துவிட்டு, அவருடைய புதிய அறிவுரைகளையும் கேட்டுக்கொண்டு, மாலை ரயிலைப் பிடியுங்கள். அதிவேக ரயிலில் ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒரு கைப்பைதான் கணக்கு. ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு கட்டாயம், அரிசி மூட்டையிலும்தான். குடும்பப் பெயர், சொந்தப் பெயர் இரண்டும் எழுதுங்கள்.